தயிர் நுண்ணுயிரின் பசியிலிருந்து ஃபோலிக் அமில மாத்திரை வரை: யார் இந்த எல்லாப்பிரகத சுப்பாராவ்?

தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல் ஆரம்பித்துவிட்டால் வீடுகளில் ஒரு சின்னத் தலைவலியும் கூடவே வந்துவிடும். ராத்திரி உறை ஊத்தின பால் காலையில் தயிராகாமல் அப்படியே நிற்கும். அடுப்பு மேடையில் வைப்பது, பாத்திரத்தைத் துணியால் சுற்றுவது, அரிசிப் பானைக்குள் இறக்குவது என்று ஆளுக்கொரு வழி வைத்திருப்பார்கள். உறை மோரில் இருக்கிற நுண்ணுயிர்களுக்குக் கதகதப்பு வேண்டும். அதனால்தான் இந்தப் பாடு.

ஆனால் கதகதப்பு மட்டும் இருந்தால் போதுமா? போதாது. அவற்றுக்குத் தின்னவும் வேண்டும். அதுவும் கண்டதைத் தின்னாது. குறிப்பிட்ட அமினோ அமிலங்கள், குறிப்பிட்ட வைட்டமின்கள் இருந்தால்தான் வளரும். இந்த வகை நுண்ணுயிர்களின் பிடிவாதமான பசியைப் பின்தொடர்ந்து போனவர்கள்தான் ஃபோலிக் அமிலத்தைக் கண்டெடுத்தார்கள். இன்று ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்குத் தரும் மாத்திரையில் இருப்பது அதுதான். அந்தத் தேடலை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர், சென்னையில் படித்த டாக்டர் எல்லாப்பிரகத சுப்பாராவ்.

தயிருக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கல்

சுப்பாராவ் கதைக்குப் போகும் முன் தயிர்ப் பாத்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

வீட்டுத் தயிரில் பல வகை லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் கலந்து இருக்கும். கடைகளில் விற்கும் யோகர்ட்டுக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், லாக்டோபேசில்லஸ் பல்காரிகஸ் என்ற இரண்டை முக்கியமாகச் சேர்க்கிறார்கள். இரண்டாவதை 1905-ல் அடையாளம் கண்டவர் ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற பல்கேரிய மருத்துவர். இந்த ஜோடி 40 டிகிரி செல்சியஸுக்குக் கொஞ்சம் மேலே நன்றாக வளரும்.

பாலில் புரதம் நிறைய உண்டு. அதில் ஏறத்தாழ 80 சதவீதம் கேசின். ஆனால் புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த நீளமான மாலை மாதிரி. அந்த மாலையை அப்படியே விழுங்க நுண்ணுயிரால் முடியாது. அறுத்துத் துண்டாக்க வேண்டும். உதிரியாகக் கிடக்கும் அமினோ அமிலம் பாலில் ரொம்பக் கொஞ்சம்தான்.

மாலையை அறுக்கிற கத்தரி பல்காரிகஸிடம் இருக்கிறது. அதன் செல்சுவரில் உள்ள நொதி ஒன்று கேசினை வெட்டுகிறது. அதில் கிடைக்கும் துண்டுகளையும் அமினோ அமிலங்களையும் பக்கத்தில் இருக்கும் தெர்மோஃபிலஸும் எடுத்துக்கொள்கிறது. பல தெர்மோஃபிலஸ் ரகங்களுக்குச் சொந்தமாக அப்படி ஒரு கத்தரி கிடையாது. பதிலுக்கு அது ஃபார்மிக் அமிலம், கரியமில வாயு, ஃபோலிக் அமிலம் போன்றவற்றைப் பல்காரிகஸுக்குக் கொடுக்கிறது. தனித்தனியாக விட்டால் மெதுவாக வளரும் இரண்டும், சேர்த்து விட்டால் சில மணி நேரத்தில் பாலைக் கெட்டியாக்கிவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. சோற்றில் எது குறைகிறதோ, அந்த அளவோடு நுண்ணுயிரின் வளர்ச்சி நின்றுபோகிறது. சமையலறையில் இது தொந்தரவு. ஆய்வகத்திலோ இது ஒரு அருமையான அளவுகோல்.

பீமவரத்திலிருந்து திருவல்லிக்கேணிக்கு

சுப்பாராவ் பிறந்தது 1895 ஜனவரி 12-ல், அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில். அப்பா ஜகன்னாதம் வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர். உடம்பு சரியில்லாமல் சீக்கிரமே வேலையை விட வேண்டியதாயிற்று. பிள்ளைகள் நிறைய, வருமானம் குறைவு. அம்மா வெங்கம்மாதான் நகையை விற்றும் கடன் வாங்கியும் பையனைப் படிக்க வைத்தார்.

பையனுக்கோ படிப்பில் மனம் ஒட்டவில்லை. சின்ன வயதிலேயே வீட்டை விட்டு ஓடினான். காசிக்குப் போய், அங்கே வரும் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்க்கலாம் என்று யோசனை. அம்மா ஆள் அனுப்பித் திரும்பக் கூட்டி வந்தார். மெட்ரிக் தேர்விலும் இரண்டு முறை தோல்வி. சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து மூன்றாவது முறைதான் தேறினார்.

மாநிலக் கல்லூரியில் படித்தபோது ராமகிருஷ்ண மடத்தின் மீது ஈர்ப்பு வந்து துறவியாகப் போக நினைத்தார். அம்மா சம்மதிக்கவில்லை. மருத்துவம் படித்தாலும் மக்களுக்குச் சேவை செய்யலாம் என்று முடிவாகி, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

கதர் உடையும் கைநழுவிய பட்டமும்

அது காந்தியின் அழைப்பில் அந்நியத் துணியை விட்டுக் கதருக்கு மாறிக்கொண்டிருந்த காலம். சுப்பாராவ் அறுவை சிகிச்சை அறைக்குள்ளேயே கதர் அங்கி அணிந்து போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. முடிவில் சுப்பாராவுக்கு முழு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. ஒரு படி கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு அரசு மருத்துவப் பணிக்குள் நுழைய முடியவில்லை.

டாக்டர் ஆசந்த லட்சுமிபதி நடத்திய சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் விரிவுரையாளர் ஆனார். அலோபதி படித்தவர் ஆயுர்வேத மருந்துகளையும் ஆர்வத்தோடு கவனித்தது அங்கேதான்.

இரண்டு சகோதரர்களைக் கொண்டுபோன நோய்

அவர் வாழ்க்கையில் பெரிய அடி விழுந்ததும் அமெரிக்கா போவதற்கு முன்னால்தான். அண்ணன் புருஷோத்தமும் தம்பி கிருஷ்ணமூர்த்தியும் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். நோயின் பெயர் வெப்பமண்டல ஸ்ப்ரூ.

ஸ்ப்ரூ என்றால் என்ன? சிறுகுடலின் உட்சுவர் கெட்டுப்போய், சாப்பிடும் சத்து உடம்பில் ஒட்டாமல் போகும் நோய். நாள்கணக்கில் வயிற்றுப்போக்கு, நாக்குப் புண், எடை குறைவு, கடுமையான ரத்தசோகை என்று ஆளையே உருக்கிவிடும். தென்னிந்தியாவில் இது அந்நியமான நோய் இல்லை. 1960-களில்கூட வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் சுற்றுவட்டார கிராமங்களில் ஸ்ப்ரூ கூட்டமாகப் பரவியதை ஆராய்ந்திருக்கிறார்கள். சுப்பாராவ் வீட்டில் சாவு விழுந்த காலத்தில் இதற்கு மருந்து கிடையாது. காரணமும் தெரியாது.

வெப்பமண்டல நோய்களைப் படிக்க ஹார்வர்டு போக வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உறுதியானது. காக்கிநாடாவின் மல்லாடி சத்யலிங்கம் நாயக்கர் அறக்கட்டளையும் மாமனாரும் பண உதவி செய்தார்கள். 1920-களின் தொடக்கத்தில் மனைவி சேஷகிரியை ஊரில் விட்டுவிட்டு பாஸ்டனுக்குக் கப்பல் ஏறினார். அதற்குப் பிறகு அவர் இந்தியா திரும்பவே இல்லை. மனைவியையும் மறுபடி பார்க்கவில்லை.

எடுபிடி வேலை, பிறகு ஏடிபி

பாஸ்டனில் உதவித்தொகை இல்லை. மருத்துவமனை ஒன்றில் இரவு எடுபிடி வேலை பார்த்தபடியே வெப்பமண்டல மருத்துவப் பட்டயம் வாங்கினார். பிறகு ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க்கோடு சேர்ந்தார்.

1925-ல் இருவரும் ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸை அளக்க ஒரு முறையை வெளியிட்டார்கள். கரைசல் எவ்வளவு நீலமாகிறது என்பதைப் பார்த்துக் கணக்கிடும் முறை அது. ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்ற பெயரில் பல தலைமுறை மாணவர்கள் அதைப் படித்தார்கள். அதே முறையைக் கொண்டு 1927-ல் தசையில் பாஸ்போகிரியேட்டின் என்ற பொருளைக் கண்டறிந்தார்கள். 1929-ல் ஏடிபி. உயிருள்ள செல்கள் எல்லாம் ஆற்றலைச் செலவழிக்கிற சில்லறைக் காசு இந்த ஏடிபிதான். அதே சமயம் ஜெர்மனியில் கார்ல் லோமானும் தனியாக அதைக் கண்டுபிடித்திருந்தார்.

1930-ல் சுப்பாராவ் முனைவர் பட்டம் பெற்றார். ஆனாலும் ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940-ல் அதை விட்டுவிட்டு நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லே ஆய்வகத்துக்குப் போனார். சீக்கிரமே அங்கே ஆய்வுப் பிரிவின் தலைவரும் ஆனார்.

நுண்ணுயிரே தராசு

ஹார்வர்டில் இருந்தபோதே அவர் மனம் கல்லீரலில் நின்றுவிட்டது. கொடிய ரத்தசோகை என்று அழைக்கப்பட்ட நோய்க்கு, நோயாளி நிறையக் கல்லீரல் சாப்பிட்டால் குணம் தெரிகிறது என்று பாஸ்டன் மருத்துவர்கள் மைனாட்டும் மர்ஃபியும் 1926-ல் காட்டியிருந்தார்கள். கல்லீரலில் இருக்கும் எந்தப் பொருள் இதைச் செய்கிறது? பிரித்தெடுத்துவிட்டால் மருந்தாகக் கொடுக்கலாம்.

இதற்கு இணையாக இந்தியாவிலும் ஒரு ஆராய்ச்சி நடந்தது. 1928-ல் வந்த ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், பம்பாய் மில் தொழிலாளர் குடும்பங்களில் கர்ப்பிணிகளுக்கு வரும் ரத்தசோகையை ஆராய்ந்தார். 1929-ல் சில மாதங்கள் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் வேலை செய்தார். ஈஸ்ட்டிலிருந்து எடுத்த மலிவான சாறு அந்தப் பெண்களைக் குணப்படுத்தியது. அதில் இருந்த பொருள் என்ன என்பது மட்டும் தெரியவில்லை.

இந்த மாதிரித் தேடலில் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. கல்லீரல் சாற்றை வேதியியல் முறையில் பத்துப் பங்காகப் பிரித்தால், தேடும் பொருள் எந்தப் பங்கில் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொன்றையும் நோயாளிக்கோ கோழிக்குஞ்சுக்கோ கொடுத்து வாரக்கணக்கில் காத்திருக்க முடியுமா?

இங்கேதான் தயிர் நுண்ணுயிரின் உறவுக்காரர்கள் கைகொடுத்தார்கள். லாக்டோபேசில்லஸ் கேசி என்ற நுண்ணுயிருக்கும் தயிர்க்காரர்களைப் போலவே பல அமினோ அமிலங்களையும் வைட்டமின்களையும் வெளியிலிருந்துதான் ஊட்ட வேண்டும். 1930-களின் கடைசியில் எஸ்மண்ட் ஸ்னெல் முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள் இதை ஒரு அளவை முறையாகவே மாற்றினார்கள்.

செய்முறை எளிதானது. நுண்ணுயிருக்கு வேண்டிய எல்லாச் சத்தும் கலந்த சாறு ஒன்றைச் சோதனைக் குழாய்களில் ஊற்றவேண்டும். எதை அளக்க வேண்டுமோ அதை மட்டும் சேர்க்கக் கூடாது. பிறகு உறை ஊத்துவது மாதிரியே நுண்ணுயிரைச் சொட்டு விட்டு, குழாய்க்கு ஒன்றாகக் கல்லீரல் சாற்றின் பங்குகளைச் சேர்க்க வேண்டும். தேடும் பொருள் இருக்கும் குழாய் கலங்கும், புளிக்கும். இல்லாத குழாய் தெளிவாகவே நிற்கும். எவ்வளவு புளித்தது என்று பார்த்தால், பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு அளவில்கூட இது வேலை செய்யும்.

இதே முறையில் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மட்டும் விட்டுவிட்டால், உணவில் அந்த அமினோ அமிலம் எவ்வளவு இருக்கிறது என்றும் அளக்கலாம். 1940-களில் உணவுப் புரதங்களின் தரத்தைப் பல ஆய்வகங்கள் லாக்டிக் நுண்ணுயிர்களை வைத்துத்தான் அளந்தன.

கீரையிலிருந்து, கல்லீரலிலிருந்து

1941-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மிட்செல், ஸ்னெல், வில்லியம்ஸ் மூவரும் நான்கு டன் பசலைக் கீரையைச் சுருக்கி, லாக்டிக் நுண்ணுயிரை வளர வைக்கும் பொருளைச் செறிவாக எடுத்தார்கள். இலையிலிருந்து கிடைத்ததால் ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். லத்தீனில் ஃபோலியம் என்றால் இலை.

லெடர்லேயில் சுப்பாராவ் குழு, லாக்டோபேசில்லஸ் கேசியைத் தராசாக வைத்துக்கொண்டு கல்லீரலில் தேடியது. 1943-ல் அந்தக் குழுவின் ராபர்ட் ஸ்டோக்ஸ்டாட் கல்லீரலிலிருந்து பொருளைத் தூய்மையாகப் பிரித்தார். அதே ஆண்டு பார்க்-டேவிஸ் நிறுவனத்தாரும் தனியாகப் பிரித்தார்கள். 1945-ல் லெடர்லே வேதியியலாளர்கள் அதன் அமைப்பைக் கண்டறிந்து, ஆய்வகத்திலேயே செய்தும் காட்டிவிட்டார்கள்.

ஃபோலிக் அமிலம் மூன்று துண்டுகளால் ஆனது. டெரிடின் என்ற இரட்டை வளையம், பாரா அமினோ பென்சோயிக் அமிலம், கடைசியில் குளூட்டமிக் அமிலம் என்ற அமினோ அமிலம்.

உடம்பில் இதன் வேலை, ஒற்றைக் கார்பன் துண்டுகளைச் சுமந்து போய் டிஎன்ஏ கட்டும் இடத்தில் சேர்ப்பது. தயிரில் தெர்மோஃபிலஸ் கொடுக்கும் ஃபார்மிக் அமிலமும் அப்படி ஒரு ஒற்றைக் கார்பன் துண்டுதான். நுண்ணுயிர் ஆனாலும் மனித எலும்பு மஜ்ஜை ஆனாலும் புது செல் உருவாக இந்தச் சுமைகூலி தேவை. அது குறைந்தால் ரத்த செல்கள் சரியாக உருவாகாது. நுண்ணுயிரை வளர வைத்த பொருள் மனிதரின் ரத்தசோகையைக் குணப்படுத்தியதற்குக் காரணம் இதுதான்.

மருந்து தயாரானதும் டாம் ஸ்பைஸ் என்ற மருத்துவர் அதை ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நாக்குப் புண் ஆறியது, பசி திரும்பியது, ரத்தம் ஊறியது. இரண்டு சகோதரர்களைப் பறித்த நோய்க்கு மருந்து வந்துவிட்டது. அவர்கள் இறந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஆனால் அவர் முதலில் தேடிப் போன கொடிய ரத்தசோகைக்கு இது முழு விடை ஆகவில்லை. ரத்தம் தேறியது, நரம்புப் பாதிப்பு தேறவில்லை. அதற்கான வைட்டமின் பி12 வேறு ஆய்வகங்களில் 1948-ல் பிரிக்கப்பட்டது. அதைத் தேட மேரி ஷோர்ப் என்ற பெண் விஞ்ஞானி பயன்படுத்திய தராசும் ஒரு லாக்டோபேசில்லஸ்தான்.

வளர்ப்பதைத் தடுத்தால்?

செல் வளர ஃபோலிக் அமிலம் வேண்டும் என்றால், வெறிகொண்டு வளரும் புற்றுநோய் செல்லுக்கும் அது வேண்டுமே? பாஸ்டனில் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளைப் பார்த்துவந்த சிட்னி ஃபார்பர் இந்தக் கேள்வியோடு சுப்பாராவிடம் வந்தார்.

லெடர்லே குழு ஃபோலிக் அமிலம் மாதிரியே தோற்றமளிக்கும் போலிகளைச் செய்து கொடுத்தது. அதில் ஒன்று அமினோப்டெரின். உண்மையான பொருளின் ஒரு மூலையில் அமினோ தொகுதியை மாற்றி வைத்தது, அவ்வளவுதான். செல் அதை நிஜம் என்று நம்பிப் பிடித்துக்கொள்ளும், வேலை நின்றுவிடும். 1948 ஜூனில் ஃபார்பர் முடிவுகளை வெளியிட்டார். சில குழந்தைகளுக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியிருந்தது. நிரந்தரக் குணம் இல்லை. ஆனாலும் மருந்தால் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயைப் பின்வாங்க வைக்க முடியும் என்று தெரிந்தது. அதன் தம்பியான மெத்தோட்ரெக்சேட் இன்றும் புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் தரப்படுகிறது.

அவர் தலைமையில் இன்னும் இரண்டு மருந்துகள் வந்தன. ஒன்று யானைக்கால் நோய்க்கான டைஎதில்கார்பமசின். தமிழ்நாட்டில் டிஇசி மாத்திரை என்று வீடு வீடாகக் கொடுத்தார்களே, அதுதான். இன்னொன்று பெஞ்சமின் டக்கர் மண்ணிலிருந்து எடுத்த நுண்ணுயிரில் கிடைத்து 1948-ல் அறிவிக்கப்பட்ட ஆரியோமைசின். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை இது. இன்றைக்கு வெப்பமண்டல ஸ்ப்ரூ என்று உறுதியானால் மருத்துவர்கள் தருவது ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும். இரண்டின் வேரும் லெடர்லே ஆய்வகத்தில்தான் இருக்கிறது.

பெயர் ஏன் பரவவில்லை?

1948 ஆகஸ்டில் மாரடைப்பால் சுப்பாராவ் தூக்கத்திலேயே இறந்தார். வயது 53. அதுவரை அமெரிக்கக் குடியுரிமை பெறவில்லை. நோபல் பரிசும் இல்லை.

முன்னே வந்து நிற்கும் பழக்கம் அவருக்கு இல்லை. ஃபோலிக் அமிலத் தொகுப்பை அறிவித்த கட்டுரையில் பல வேதியியலாளர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். கம்பெனி ஆய்வகத்தில் வேலை குழுவாகத்தான் நடக்கும். ஒரு கண்டுபிடிப்பைத் தனியாக அவர் பெயரில் எழுதினால் ஸ்டோக்ஸ்டாட், டக்கர் போன்றவர்களுக்கு அது அநியாயம். அதே சமயம், எதைத் தேடுவது, எந்தத் தராசில் அளப்பது, யாரிடம் எந்த வேலையைக் கொடுப்பது என்று முடிவெடுத்தவர் அவர். அந்தப் பங்கை யாரும் மறுக்கவில்லை. பூஞ்சைப் பேரினம் ஒன்றுக்கு சுப்பாரோமைசிஸ் என்று பெயர் வைத்தார்கள். நூற்றாண்டை ஒட்டி 1995-ல் இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது.

இன்று எங்கே இருக்கிறது அந்த வேலை?

தென்காசி மாவட்டத்தின் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் சிவப்பு மாத்திரையைப் பார்க்கலாம். அதில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். பள்ளிக்கூடங்களில் வளரிளம் பிள்ளைகளுக்கு வாரம் ஒன்று தருவது நீல மாத்திரை. கரு உருவாகும் முதல் வாரங்களில் ஃபோலிக் அமிலம் போதுமான அளவு இருந்தால், குழந்தையின் முதுகுத்தண்டு மூடாமல் போகும் பிறவிக் குறைபாடு பெருமளவு தடுக்கப்படும். கர்ப்பம் உறுதியாவதற்கு முன்பே ஆரம்பிக்கச் சொல்வது அதனால்தான். வாந்தி வருகிறது, மலம் கறுப்பாகிறது என்று பலர் நடுவில் நிறுத்திவிடுகிறார்கள். அதெல்லாம் இரும்புச்சத்தால் வருவது. நிறுத்தாமல் செவிலியரிடம் சொன்னால், எப்போது, எப்படிச் சாப்பிடலாம் என்று மாற்றிச் சொல்வார்கள்.

லாக்டோபேசில்லஸ் கேசி என்று அன்று அழைத்த அந்த ரகம் இன்று ராம்னோசஸ் என்ற பெயரில் இருக்கிறது. அதன் வேலையும் முடியவில்லை. ஒரு ஊரில், ஒரு நாட்டில் மக்களின் ரத்தத்தில் ஃபோலேட் எவ்வளவு இருக்கிறது என்று கணக்கெடுக்கும்போது, உலகின் பெரிய ஆய்வகங்கள் இப்போதும் ரத்தத் துளியை அதற்கு ஊட்டி, எவ்வளவு வளர்கிறது என்று பார்த்துத்தான் அளக்கின்றன.